எண்ணூர்ப் பக்கம் வேலைக்கு வருபவர்களுக்கு: லோக்கல் ரயிலில் போய்வருவது எப்படி

எண்ணூர்ப் பக்கம் வேலை கிடைத்து, தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே சொல்லும் குறை ஒன்றுதான்: வண்டியே வருவதில்லை. வண்டியெல்லாம் வருகிறது. தாம்பரம் லைன் மாதிரி வராது, அவ்வளவுதான். கடற்கரை–தாம்பரம் பாதையில் லோக்கலுக்கென்றே தனித் தண்டவாளம் உண்டு, காலை மாலை நேரத்தில் ஒன்றை விட்டால் கொஞ்ச நேரத்தில் அடுத்தது வந்து நிற்கும். வடக்கே கும்மிடிப்பூண்டி போகும் பாதையின் கதை வேறு. டெல்லி, கொல்கத்தா, விஜயவாடா போகிற எக்ஸ்பிரஸ்கள் எல்லாம் இதே வழி, துறைமுகங்களுக்குப் போய்வரும் நிலக்கரி கூட்ஸும் கன்டெய்னர் கூட்ஸும் இதே வழி, இவற்றுக்கு நடுவே கிடைக்கிற சந்தில்தான் நம் லோக்கல் ஓடுகிறது.

அதனால் இந்தப் பாதையில் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பக் கூடாது, வண்டியைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். எட்டரைக்கு வேலை, ஏழரைக்குக் கிளம்பினால் போதும் என்ற கணக்கு இங்கே எடுபடாது. எந்த வண்டி, அது எத்தனை மணிக்கு, அதை விட்டால் அடுத்தது எப்போது என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். ஆனால் வண்டியைத் தேடுவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முதலில் உங்கள் கம்பெனி கேட் எங்கே என்று கண்டுபிடியுங்கள்

வேலைக்கான கடிதத்தில் "எண்ணூர்" என்று போட்டிருப்பதாலேயே எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கிவிடாதீர்கள். புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. எண்ணூர் என்ற பெயர் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் இருக்கிறது, அந்தப் பக்கமும் இருக்கிறது. கொசஸ்தலை ஆறு பூண்டியிலிருந்து வந்து எண்ணூரில்தான் கடலில் கலக்கிறது. ஸ்டேஷனும் ஊரும் ஆற்றுக்குத் தெற்கே. 2001இல் எண்ணூர் துறைமுகம் என்ற பெயரில் தொடங்கி, இப்போது காமராஜர் துறைமுகமாக இருக்கும் இடம் ஆற்றுக்கு வடக்கே. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று பெயர் வைத்திருக்கும் மின் திட்டமும் வடக்கேதான். பெயரை நம்பி எண்ணூரில் இறங்கினால் நடுவில் ஆறு கிடக்கும், ஆட்டோக்காரர் கேட்கும் காசுக்கு நாள் முழுக்க லோக்கலில் சுற்றலாம்.

சென்ட்ரலிலிருந்து வடக்கே வரும்போது ஸ்டேஷன்கள் இந்த வரிசையில் வரும்: பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். ஆற்றைத் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர். அதற்கப்புறம் அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி. இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது, பெட்டிக்குள் கூட்டம் நிற்கும்போது ஜன்னலில் பெயர்ப்பலகை தெரியாது.

எம்.ஆர்.எஃப்., கார்போரண்டம், ராயல் என்ஃபீல்டின் பழைய ஆலை என்று சொன்னால் திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கம். விம்கோ நகர் என்ற பெயரே அங்கிருந்த தீப்பெட்டித் தொழிற்சாலையால் வந்ததுதான். அசோக் லேலண்டுக்குக் கத்திவாக்கம் நெடுஞ்சாலை முகவரி. அந்தச் சாலை நீளமானது, ஆலையும் பெரியது, அதனால் உங்களை எந்த கேட்டுக்கு வரச் சொன்னார்கள் என்று கேட்டு, அதற்கு விம்கோ நகரா கத்திவாக்கமா எது பக்கம் என்று பாருங்கள். வட சென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம் என்றால் ஆற்றைத் தாண்ட வேண்டும், அத்திப்பட்டு புதுநகர் அல்லது அத்திப்பட்டு. காட்டுப்பள்ளி என்றால் மீஞ்சூரில் இறங்கிச் சாலை வழியாகப் போவதைப் பற்றி விசாரியுங்கள். பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இலேயே மூடியாயிற்று. இன்னமும் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்பவர்கள் உண்டு, கேட்டால் ஊர்க்காரர்கள் பழைய இடத்தைத்தான் காட்டுவார்கள்.

கேட் எண்ணைத் தெரிந்துகொள்ள நம்பகமான ஆள் மனிதவளத் துறையில் இருப்பவர் அல்ல, அவர் காரில் வருபவராக இருக்கலாம். செக்யூரிட்டி அலுவலக எண்ணை வாங்கி, "லோக்கல்ல வர்றவங்க எந்த ஸ்டேஷன்ல இறங்குவாங்க, அங்கேர்ந்து எப்படி வருவாங்க?" என்று கேளுங்கள். ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

எங்கே ஏறுவது

இரண்டு இடம்: சென்ட்ரல், கடற்கரை (பீச்) ஸ்டேஷன். சென்ட்ரல் என்றால் எக்ஸ்பிரஸ் நிற்கும் பெரிய சிவப்புக் கட்டடம் அல்ல, அதை ஒட்டி ரிப்பன் மாளிகைப் பக்கம் இருக்கும் மூர் மார்க்கெட் வளாகம். 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட் இருந்த இடம் அது, புறநகர் வண்டிகள் எல்லாம் அங்கிருந்துதான் புறப்படும், டிக்கெட் கவுன்டரும் அங்கேயே தனியாக இருக்கிறது. செயலியில் சென்ட்ரல் என்று தேடும்போது எம்.எம்.சி.சி. என்ற குறியீடு வந்தால் அது இந்த மூர் மார்க்கெட் வளாகம். எண்ணூருக்கு இ.என்.ஆர்.

தாம்பரம் பக்கமிருந்து வருபவர்கள் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து மூர் மார்க்கெட்டுக்கு நடக்கலாம். அல்லது கடற்கரை வரை உட்கார்ந்தே போய் அங்கே வண்டி மாறலாம். கடற்கரையில் மாறுவது சுகம், வெளியே வந்து நடக்க வேண்டாம், அப்படியே ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாகக் கொருக்குப்பேட்டையில் சேர்ந்துவிடும். ஆனால் வடக்கே போக அங்கிருந்து கிளம்பும் வண்டிகள் சென்ட்ரலைவிடக் குறைவு. அதனால் நேரம் பொருந்தினால் கடற்கரை, இல்லையென்றால் பார்க்கில் இறங்கி நடை. எந்த வழி என்று டிக்கெட் எடுக்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், கடற்கரை வழி டிக்கெட்டை வைத்துக்கொண்டு பார்க்கில் இறங்கி நடந்து போய் சென்ட்ரலில் ஏறினால் பரிசோதகரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். ராயபுரம் என்றதும் ஒன்று: 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது அங்கிருந்துதான். அந்தப் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது, வண்டி போகும்போது எட்டிப் பாருங்கள்.

மூர் மார்க்கெட்டில் கவனிக்க வேண்டியது இது. அங்கிருந்து இரண்டு திசையில் வண்டி போகிறது, வடக்கே கும்மிடிப்பூண்டி, மேற்கே ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், பக்கத்துப் பக்கத்து நடைமேடையிலேயே நிற்கும். பலகையில் கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று எது போட்டிருந்தாலும் எண்ணூருக்குப் போகும், தயங்காமல் ஏறலாம். ஆற்றைத் தாண்டி அத்திப்பட்டு போகிறவர்கள் மட்டும் எண்ணூரோடு நிற்கும் வண்டியை விட்டுவிட வேண்டும். வண்டி எண் தெரிந்தால் இன்னும் சுலபம்: வடக்கே போகும் லோக்கல்களின் எண் 42 என்று தொடங்கும், அரக்கோணம் பக்கம் போவது 43.

அவசரத்தில் மாறி ஏறிவிட்டால் எப்படித் தெரியும்? பேசின் பிரிட்ஜ் இரண்டுக்கும் பொது. அதற்கடுத்து கொருக்குப்பேட்டை வந்தால் சரியான வண்டி. வியாசர்பாடி ஜீவா வந்தால் தப்பான வண்டி, பதறாமல் அங்கேயே இறங்கி அடுத்த சென்ட்ரல் வண்டியைப் பிடித்து பேசின் பிரிட்ஜுக்குத் திரும்பி வந்துவிடுங்கள். அடுத்த ஸ்டேஷன்ல பார்த்துக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் பெரம்பூரும் வந்து போய்விடும்.

டிக்கெட்டும் சீசனும்

சென்ட்ரலிலிருந்து எண்ணூருக்கு இரண்டாம் வகுப்பு 5 ரூபாய். 20 கிலோமீட்டர் வரை புறநகர்க் கட்டணம் அவ்வளவுதான், அதைத் தாண்டினால் 10. இவ்வளவு மலிவாக இருக்கும்போது டிக்கெட் இல்லாமல் ஏறி, மாட்டிக்கொண்டு, கட்டணத்துக்கு மேல் குறைந்தது 250 ரூபாய் அபராதம் கட்டுவது வீண். முதல் வகுப்புப் பெட்டியில் இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு உட்கார்ந்தாலும் அபராதம் உண்டு. புதியவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இதில்தான், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் கூட்டம் குறைந்த பெட்டி என்று மட்டும்தான் தோன்றும், பக்கத்தில் ரோமன் எழுத்தில் ஒன்று போட்டிருப்பது கண்ணில் படாது.

கவுன்டரில் காலையில் வரிசை நீளும். தானியங்கி டிக்கெட் இயந்திரங்களில் பணம் செலுத்த யூ.பி.ஐ. வசதி உண்டு. கைப்பேசியில் எடுப்பதென்றால் 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலி. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள், நடைமேடையில் நின்றுகொண்டு எடுக்கப் பார்த்தால் சில நேரம் விடாது; ஸ்டேஷன் வாசலில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். காகிதமில்லா டிக்கெட்டைப் பரிசோதகரிடம் செயலியைத் திறந்தேதான் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. சார்ஜ் தீர்ந்துபோன போனும் டிக்கெட் இல்லாததும் அவருக்கு ஒன்றே. சாதாரண டிக்கெட்டை எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் வண்டியே இல்லையென்றால் அடுத்துக் கிளம்பும் முதல் வண்டி வரை செல்லும். காலையிலேயே மாலைக்கும் சேர்த்து ஒற்றை டிக்கெட்டாக எடுத்து வைப்பவர்கள் இதை மறந்துவிடுவார்கள். அதற்கு ரிட்டர்ன் டிக்கெட் இருக்கிறது.

ஒரு மாதத்துக்கு மேல் வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், சீசன் எடுங்கள். தினமும் போக வர டிக்கெட் எடுக்கும் செலவில் பாதிகூட ஆகாது. மூன்று மாத சீசன், ஒரு மாத சீசனைப் போல 2.7 மடங்குதான், அதனால் வேலை நிலைத்துவிட்டது என்று தோன்றியதும் அதற்கு மாறிவிடுங்கள். செயலியில் எடுத்தால் அன்றைக்கே செல்லாது, மறுநாளிலிருந்துதான் செல்லும். திங்கட்கிழமை வேலையில் சேருகிறீர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமையே எடுத்து வையுங்கள். சீசன் இருந்தால் நடுவில் எந்த ஸ்டேஷனில் வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். இதை நினைவில் வைத்து, கொஞ்சம் தள்ளியே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். உங்கள் சைட் எண்ணூருக்கும் அத்திப்பட்டுக்கும் மாறி மாறி இருக்கும் என்றால் அத்திப்பட்டு வரை எடுத்துவிடுங்கள், எண்ணூருக்கும் அதுவே ஆகும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், சீசனோடு சேர்த்துத்தான் கேட்பார்கள்.

மெட்ரோ, மாநகரப் பேருந்து, லோக்கல் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்க 2025 செப்டம்பரில் சென்னை ஒன் என்று அரசு ஒரு செயலி கொண்டுவந்தது. இரண்டு மூன்று வாகனம் மாறி வருபவர்களுக்கு அது வசதி. சீசன்காரர்களுக்கு ரயில்ஒன் போதும்.

பெட்டி, கூட்டம், இடம்

காலையில் சென்ட்ரலை நோக்கிப் போகும் வண்டியில்தான் நசுங்கல், வடக்கே வரும் வண்டி காலியாக இருக்கும் என்று நினைத்து வராதீர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும், அதைத் தாண்டி தடா பக்கம் ஸ்ரீசிட்டிக்கும் போகிற கூட்டம் எல்லாம் இதே வண்டியில்தான் ஏறுகிறது, தோளில் பையும் கையில் டிபன் கேரியருமாக. சென்ட்ரலில் உட்கார இடம் பிடித்தால் அவர்கள் இறங்கும் வரை எழுந்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். உங்களுக்கு எண்ணூர் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் வந்துவிடும். இடம் பிடிக்கப் போராடுவதைவிட, வாசலிலிருந்து இரண்டாவது ஆளாக நின்றுகொள்வது மேல். வாசலில் முதல் ஆளாக நின்றால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஏற வேண்டும். உள்ளே போய்விட்டால் விம்கோ நகரிலேயே "எண்ணூர் இறங்கணும், எண்ணூர் இறங்கணும்" என்று சொல்லிக்கொண்டே நகர ஆரம்பிக்க வேண்டும். படிக்கட்டில் தொங்குவது சட்டப்படியும் குற்றம். அதைவிட, இந்தப் பாதையில் பக்கத்து லைனில் எக்ஸ்பிரஸ் வரும் வேகத்தில் அடிக்கும் காற்றே ஆளைத் தள்ளிவிடும்.

வெண்டார் பெட்டி என்று ஒன்று உண்டு, கூடை, மூட்டை கொண்டுவருபவர்களுக்கானது. காலியாக இருக்கிறதே என்று சலவைச் சட்டையோடு ஏறினால் மீன் கூடையிலிருந்து ஒழுகும் தண்ணீர் செருப்பைத் தாண்டிக் கால்சட்டை நுனி வரை வந்துவிடும், பிறகு அன்றைக்கு அலுவலகத்தில் உங்களைத் தேட வேண்டிய அவசியமே இருக்காது. தப்பு கூடைக்காரம்மாவுடையது அல்ல, அது அவர்கள் பெட்டி. பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறினால் 500 ரூபாய் வரை அபராதம், கூட்டத்தில் தெரியாமல் ஏறிவிட்டேன் என்பது எடுபடாது. ஏ.சி. லோக்கலைத் தேடாதீர்கள், 2025 ஏப்ரலில் அது தொடங்கியது தெற்கே தாம்பரம், செங்கல்பட்டுப் பாதையில்.

இறங்கியதும்

எண்ணூரில் இறங்கியதும் பார்க்க வேண்டியது எல்லோரும் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதல்ல, நடைமேம்பாலம் எங்கே என்று. ஏனென்றால் அந்த எல்லோரில் பாதிப்பேர் தண்டவாளத்தில் இறங்கிக் குறுக்கே நடப்பார்கள். கூட்ஸ் வண்டி ஒன்று நடுவில் நின்றால் குனிந்து வேகனுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வருபவர்களும் உண்டு. நின்றுகொண்டிருக்கும் கூட்ஸ் எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. ஹாரன் அடிப்பது அரைக் கிலோமீட்டர் தள்ளி இன்ஜினில், சக்கரம் உருளுவது உங்கள் தலைக்குப் பக்கத்தில். பழகியவர்கள் செய்கிறார்களே என்று ஒரு நாளும் செய்யாதீர்கள். தண்டவாளத்தைக் கடப்பதற்கு ரயில்வே சட்டத்தில் 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று இருப்பதெல்லாம் அப்புறம்.

வெளியே ஷேர் ஆட்டோ இருக்கும். தனி ஆட்டோவா ஷேரா என்று ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். முகத்துவாரம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று மீனவக் குப்பங்களின் பெயரைச் சொல்லித்தான் இங்கே வழி சொல்வார்கள், கம்பெனிப் பெயரைவிட அது துல்லியமாக இருக்கும். ஷிப்ட் முடியும் நேரத்தில் ஆட்டோ கிடைக்கும், ஷிப்டுக்கு நடுவே கிடைப்பது சந்தேகம். தங்குமிடம் தேடுகிறவர்களுக்கு: கத்திவாக்கம் 2011லேயே சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது, இப்போது முதல் மண்டலம், எண்ணூருக்கு அஞ்சல் குறியீடு 600057. ஆதார் முகவரி மாற்றும்போது உதவும்.

ஆற்றைத் தாண்டி அத்திப்பட்டு போகிறவர்களுக்கு எண்ணூர் விட்டதும் பாலம் வரும், அந்த இடத்தில் கைப்பேசியை வைத்துவிட்டு வெளியே பாருங்கள் என்பேன். ஒரு பக்கம் புகைபோக்கிகளும் மின்கோபுரங்களும், கீழே இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சு வலை போடுபவர்கள். தண்ணீர் வற்றியிருக்கும் நேரமென்றால் சேற்றில் உட்கார்ந்தபடி கையாலேயே இறாலைத் தடவிப் பிடிக்கும் பெண்களையும் பார்க்கலாம், பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறியைப் பல்லில் கடித்தபடி நகர்வார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்க வேண்டுமே. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வந்து படிந்ததும் இந்த ஆற்றில்தான். நம்மைப் போன்ற ஷிப்டுக்காரர்களுக்கு முன்னாலிருந்தே இந்த ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் இவர்கள். நடைமேடையில் கூடையோடு நிற்பவர்களை முண்டிக்கொண்டு ஏறும்போது இது ஞாபகம் இருந்தால் நல்லது.

வண்டி நின்றுவிட்டால்

நிற்கும். மூன்று விதமாக நிற்கும்.

எக்ஸ்பிரஸுக்கு வழிவிட நிற்பது முதல் வகை. கொருக்குப்பேட்டைக்கு முன்னாலோ, எண்ணூருக்கு முன்னாலோ சிக்னலில் ஐந்து பத்து நிமிடம். இதற்கு ஒன்றும் செய்ய முடியாது, வேலைக்கு நேரம் கணக்கிடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். என் கணக்கு, சேர வேண்டிய வண்டிக்கு ஒரு வண்டி முன்னால் வருவது. முதல் ஒரு மாதம் இதைச் செய்தால் நல்ல பெயர் கிடைக்கும், அப்புறம் மேஸ்திரியே "லோக்கல் லேட்டு" என்றால் நம்புவார்.

இரண்டாவது, பராமரிப்புப் பணி. லைன் பிளாக் என்பார்கள். பெரும்பாலும் பகல் நேரத்தில், வண்டிகள் ரத்தாகும், அல்லது கும்மிடிப்பூண்டி போக வேண்டியது பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ எண்ணூரிலோ நின்று திரும்பிவிடும். தெற்கு ரயில்வே முன்கூட்டியே அறிவிக்கும், நாளிதழில் சென்னைப் பக்கத்தில் வரும், சமூக ஊடகத்திலும் வரும். எந்த வண்டி ரத்து என்பதை வண்டி எண்ணோடு போடுவார்கள், 42 என்று தொடங்கும் வரிகளை மட்டும் பார்த்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியே குறைவு, அதோடு பிளாக்கும் சேர்ந்தால் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, பெருமழை, சிக்னல் கோளாறு, மின்கம்பி அறுந்தது போன்றவை. இதற்குத்தான் மாற்று வழி தெரிந்திருக்க வேண்டும். மெட்ரோ 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை ஓடுகிறது, இப்போது அதைத் தாண்டி விம்கோ நகர் டெப்போ வரை. நீல வழித்தடம், விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் வழியாக. எண்ணூர் வரை மெட்ரோ கிடையாது. விம்கோ நகரில் இறங்கி பேருந்தோ ஷேர் ஆட்டோவோ பிடிக்க வேண்டும். 5 ரூபாய்க்கு எதிரே செலவு பல மடங்கு, ஆனால் நேரத்துக்குச் சேரும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மெட்ரோவின் விம்கோ நகரும் லோக்கலின் விம்கோ நகரும் ஒரே கட்டடம் அல்ல. வெளியே வந்து வழி கேட்டு நடக்க வேண்டும்.

பேருந்து? பாரிமுனையிலிருந்து எண்ணூருக்கு மாநகரப் பேருந்து உண்டு, ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால் அதற்குள் பேருந்து மாட்டிக்கொள்ளும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் வழியாக வரும் எந்த வழியும் அதைவிட மோசம், அந்த கேட் மூடியிருக்கும் நேரத்தில் ஒரு டீ குடித்துவிடலாம், சில நாள் இரண்டு. பைக்கில் வரலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: லாரிகளுக்கு நடுவே தினமும் ஓட்டும் தைரியம் இருந்தால் வாருங்கள், நான் சொல்ல மாட்டேன்.

இரவு ஷிப்ட்

இரவில் முடியும் பி ஷிப்டை முடித்துக் கிளம்புபவர்கள் கடைசி வண்டியை மட்டும் நம்பாதீர்கள், அதற்கு முந்தைய வண்டியே உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வண்டி எண்ணூரில் ஏறினாலும், சென்ட்ரல் போய்ச் சேரும்போது தாம்பரம் பக்கம் போகும் கடைசி லோக்கல் கிளம்பியிருக்கக்கூடும். இரண்டு கடைசி வண்டிகளும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதைச் சேரும் முன்பே பாருங்கள். பொருந்தவில்லையென்றால் கம்பெனியில் பஸ் கேளுங்கள், அல்லது திருவொற்றியூர்ப் பக்கமே அறை பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்து வருபவர்களுக்கு முதல் வண்டிகள் இதமானவை, உட்கார இடம் கிடைக்கும், ஆனால் தூங்கிப் போய்விடுவீர்கள். தனியாக வருபவர்கள் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், வீடு வடக்கே இருந்து அந்தப் பக்கம் போகும் வண்டியில் தூங்கினால் கண் விழிப்பது கும்மிடிப்பூண்டியில், சூலூர்பேட்டை வண்டியாக இருந்தால் ஆந்திராவில்.

இரவில் தனியாக வரும் பெண்கள், காலியாகக் கிடக்கும் பெட்டியில் ஏறுவதைவிட ஆட்கள் இருக்கும் பெட்டியிலோ, கடைசியில் கார்டு இருக்கும் பக்கத்துப் பெட்டியிலோ ஏறுவது நல்லது. தொந்தரவு, திருட்டு, உடல்நலக் குறைவு எதுவானாலும் ரயில்வே உதவி எண் 139, தமிழ்நாடு ரயில்வே போலீஸுக்கு 1512. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். பெட்டிக்குள் எழுதியிருக்கும் பெட்டி எண்ணையும், அடுத்து வரப்போகும் ஸ்டேஷனையும் சொன்னால் போலீஸ் அந்த நடைமேடைக்கே வந்து நிற்க முடியும். எங்கோ கொருக்குப்பேட்டைக்கு அப்பால் என்று சொன்னால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

உங்களைக் கொண்டுவிடவோ கூட்டிப்போகவோ வீட்டிலிருந்து யாராவது நடைமேடை வரை வந்தால் அவர்களுக்கு 10 ரூபாய் நடைமேடைச் சீட்டு எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு மணி நேரம் செல்லும்.